சான்றாக வந்த கண்: மணவிழா நிழற்படக் கலை – ஒரு திறனாய்வு

திருமணம் இருவர் வாழ்வைப் பற்றியது. ஆயினும் அஃது இருவரோடு நிறைவு பெறுவதில்லை. ‘யாம் கண்டோம்’ என்று கூறுதற்குப் பிறர் வேண்டும். இவ்வுண்மையை எல்லாச் சமயங்களும் உணர்ந்துள்ளன. இந்து மணமுறையில் மணமக்கள் தீவலம் வருவது தீயைச் சான்றாக்கிக் கொள்வதற்கே ஆகும். இசுலாமிய மணத்தில் இரு சாட்சிகளின் முன்னிலையில் உடன்பாடு உரைக்கப்பெறுகிறது. கிறித்துவத் தேவாலயத்தில் மணமக்களோடு சாட்சிகளும் பதிவேட்டில் ஒப்பமிடுவர். சிங்கப்பூரில் 1961-இல் இயற்றப்பெற்ற மாதர் சாசனமும் இரு சாட்சிகளைக் கேட்கிறது. மலேசியாவில் 1976-இல் இயற்றப்பெற்று 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், முசுலிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் வழக்கப்படி நடந்த மணங்களுக்கு உற்றார் கண்ட கண்ணே பெருஞ்சான்றாக விளங்கியது.

இச்சான்றுகளின் வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது படக்கருவி. கோயிலாயினும் தேவாலயமாயினும் பெருநகர விடுதியாயினும், அதனைக் கையிலேந்தியவர் இல்லாத மணவிழாவை இன்று காண்டல் அரிது. புரோகிதருக்கு அடுத்தபடியாக மணமக்களை நெருங்கி நிற்கும் உரிமை அவருக்கே உண்டு. சில வேளைகளில் புரோகிதரையே ‘சற்றுப் பொறுங்கள் ஐயா’ என்று நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவருக்கு வாய்த்துவிடுகிறது. இத்துணை உரிமை பெற்ற இந்தக் கண் தன் கடமையைச் செய்கிறதா? சான்றாக வந்தது சான்றாகவே நிற்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவர் எடுத்த படங்கள்

படக்கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் புலவர்கள் மணவிழாவைச் சொல்லால் படம்பிடித்தனர். அவற்றுள் மூன்றை ஒப்பிட்டு நோக்கினால் இக்கலைக்குரிய இலக்கணம் ஒன்று புலப்படும்.

அகநானூற்றின் 86-ஆம் பாடல் நல்லாவூர் கிழார் இயற்றியது. தலைவன் தன் மணநாளைப் பின்னொரு நாள் நினைவுகூர்வதாக அஃது அமைந்துள்ளது. உழுந்து கலந்த உணவு பரிமாறப்படுகிறது. பந்தரின்கீழ்ப் புதுமணல் பரப்பப்பட்டுள்ளது. விளக்கேற்றி மாலைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. இருள் நீங்கிய விடியற்பொழுதில் முதிய மகளிர் ஆரவாரத்துடன் பணியாற்றுகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இவ்வாறு பரந்த காட்சியைக் காட்டிவந்த புலவர், இவ்விடத்தில் மிக அருகே செல்கிறார். நீரோடு சொரிந்த மலரிதழும் நெல்லும் மணமகளின் கருங்கூந்தலில் ஒட்டிக்கொண்டு விளங்குவதைக் காட்டுகிறார். பந்தரும் மணலும் எந்த மணவீட்டிலும் இருப்பவை. கூந்தலில் ஒட்டிய ஈரநெல் அன்று அங்கே நின்ற ஒருவர் மட்டுமே கண்டிருக்கக் கூடியது. ஆதலின் அதுவே மிகச் சிறந்த சான்றாகிறது.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் காட்டுவது வேறொரு விழா. அது புகார் என்னும் பெருநகரத்தில், பெருஞ்செல்வர் இல்லத்தில் நடப்பது. வயிரமணித் தூண்களும் நீலநிற விதானமும் முத்துப் பந்தரும் கொண்ட மண்டபம் அது. இந்நாளைய நட்சத்திர விடுதியின் விழாக்கூடம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆயினும் இளங்கோவடிகள் அந்த மண்டபத்திலேயே மயங்கி நின்றுவிடவில்லை. தூணையும் விதானத்தையும் ஓரிரு அடிகளில் கூறிவிட்டு, தீவலம் வரும் மணமக்களிடம் செல்கிறார். உடனே, அவர்களைக் காண்போரின் கண்கள் என்ன தவம் செய்தனவோ என்று வியக்கிறார். விழாவின் பெருமையை அவர் தூணில் காணவில்லை. கண்டோர் கண்ணில் காண்கிறார்.

மூன்றாவது கபிலரின் குறுந்தொகைப் பாடல், 25-ஆவது. அங்கே விழாவும் இல்லை, பந்தரும் இல்லை. களவில் நிகழ்ந்த கூட்டத்துக்குச் சான்று யார் என்று தலைவி எண்ணிப் பார்க்கிறாள். ஓடும் நீரில் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்று மட்டுமே அங்கு இருந்தது. அஃது இருந்தும் பயனில்லை. அதன் கண் தன் இரைமீதே இருந்தது. உடனிருத்தல் வேறு, சான்றாதல் வேறு என்னும் பேருண்மையைக் கபிலர் ஒரு பறவையைக் கொண்டு உணர்த்திவிட்டார்.

இம்மூன்றும் சேர்ந்து மணவிழா நிழற்படத்துக்கு அளவுகோலாகின்றன. நுண்ணியதை அருகிருந்து காணல், காண்போரையும் காணல், இரையை மட்டுமே நோக்கி நில்லாமை என்பன அவை.

அரண்மனையில் நடுங்கிய முகம்

நிழற்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டில், 1840 பிப்ரவரி 10-ஆம் நாள், விக்டோரியா அரசியார் ஆல்பர்ட்டு இளவரசரை மணந்தார். அம்மணவிழாவுக்கு நிழற்படம் இல்லை. 1854-இல் ரோஜர் ஃபென்டன் அவ்விருவரையும் எடுத்த படம் ஒன்று பலராலும் அவர்தம் மணப்படமாகத் தவறாகக் கருதப்பட்டு வந்துள்ளது. அதில் அவர்கள் அணிந்திருப்பது அரசவை உடையே. வெண்ணிற உடையும் பூவும் முக்காடும் கண்டவுடன் மணப்படம் என்று முடிவு செய்துவிடும் மனப்பழக்கம் அத்துணைப் பழைமையானது.

உண்மையான மணநாட்படம் ஒன்று 1858 சனவரி 25-ஆம் நாள் கிடைத்தது. அன்று அரசியாரின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசரை மணந்தார். தேவாலயத்துக்குப் புறப்படுமுன் மகளும் பெற்றோரும் படக்கருவியின் முன் நின்றனர். டி. ஆர். வில்லியம்ஸ் என்பார் டாகரோடைப் எனப்படும் வெள்ளித் தகட்டில் அக்காட்சியைப் பதித்தார். அக்காலத்தில் படம் பதியும்வரை அசையாது நிற்றல் வேண்டும். தந்தையும் மகளும் தெளிவாகப் பதிந்துள்ளனர். தாயின் முகமோ கலங்கித் தெளிவின்றி இருக்கிறது. தம் நடுக்கத்தால்தான் உருவம் அவ்வாறாயிற்று என்று அரசியாரே நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

தொழில்நுட்ப நோக்கில் அப்படம் பழுதுடையது. மணப்படம் என்ற வகையில் அதனினும் சிறந்ததைக் காண்பது கடினம். மகளை அயல்நாட்டுக்கு அனுப்பவிருக்கும் தாயின் உள்ளம் அத்தகட்டில் பதிந்துவிட்டது. முடியும் மணியும் காட்ட மாட்டாத ஒன்றைக் கலங்கிய முகம் காட்டுகிறது. இன்றைய கருவியாயின் அந்நடுக்கம் பதிந்திராது. பதிந்திருந்தாலும் பழுதுபட்ட படமென ஒதுக்கப்பட்டிருக்கும். எது பழுது, எது உண்மை என்று பிரித்தறிவதே படக்கலைஞரின் முதற்கடமை என்பதை இவ்வொரு தகடு கற்பிக்கிறது.

கோயிலில்: புகை, நிழல், ஒளி

தமிழில் இக்கலைக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. கோயில் மணவிழாவில் இம்மூன்றுமே கலைஞரைச் சோதிக்கின்றன.

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827-இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்தது. பின்னர்ச் செங்கற்கட்டடமாயிற்று. ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் இக்கோயிலுக்கே இருந்தது. கோலாலம்பூரில் தம்புசாமிப் பிள்ளை 1873-இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயிலும் நகரத்தின் நடுவே நிற்கிறது. இத்தகைய கோயில்களில் மண்டபத்தின் உட்புறம் இருண்டும், தூண்களுக்கு அப்பால் உள்ள முற்றம் வெயிலில் எரிந்தும் காணப்படும். மனிதக் கண் இரண்டையும் ஒருசேரக் காணும், கருவி காணாது. முகத்துக்கு ஒளியை அளந்தால் முற்றம் வெளுத்துப்போகும். முற்றத்துக்கு அளந்தால் முகங்கள் கரியாகும். ஓமகுண்டத்துப் புகையோ இன்னும் கடுமையான சோதனை. ஃப்ளாஷ் விளக்கை நேராக வீசினால் அவ்வொளி புகையில் பட்டுத் திரும்பி வெண்திரைபோல் காட்சியை மூடிவிடும். குத்துவிளக்கின் பொன்னொளியும் அத்துடன் மறைந்தொழியும். தேர்ந்தவர் பக்கவாட்டில் நின்று, முற்றத்து வெளிச்சம் புகையின் பின்னிருந்து வருமாறு இடம் தேர்வர். அப்போது அதே புகை படத்துக்குத் திரையாகாமல் உயிராகிறது.

ஒளியினும் கடினமானது காலம். கெட்டிமேளம் முழங்க, அட்சதை விழ, மூன்று முடிச்சுகள் இடப்படுவதற்குள் அனைத்தும் முடிந்துவிடும். படச்சுருள் காலத்தில் சதுரப்படக் கருவிகளில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே கிடைத்தன. பதினோராவதை எடுத்துவிட்டவர் முகூர்த்தம் நெருங்குவதைக் கண்டு பதறாமல் புதுச்சுருளை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குறைவு ஒரு பொறுமையைக் கற்பித்தது. இன்று ஒரே விழாவில் ஆயிரக்கணக்கான படங்களை எடுக்க இயலும். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் 1952-இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு ‘தீர்க்கமான கணம்’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி வந்தது. கணத்தைத் தேர்வது கலைஞரின் பொறுப்பு என்பது அதன் உட்பொருள். எல்லாக் கணங்களையும் அள்ளிக்கொண்டு பின்னர்த் தேடுவோம் என்னும் இக்கால வழக்கம் அப்பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. தாலி கட்டி முடிந்த பின்னர், ‘மறுமுறை கட்டுவதுபோல் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. கூர்ந்து நோக்கும் மாணவர் இப்படங்களை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். உண்மையான கணத்தில் மணமகளின் தலை கவிழ்ந்திருக்கும். மணமகனின் முழங்கை அவள் முகத்தைப் பாதி மறைத்திருக்கும். காற்றில் அட்சதை கோடுகளாகத் தெரியும். நாத்தனாரின் கை முடிச்சை நோக்கி நீண்டிருக்கும். பின்னே நிற்பவர் எட்டிப் பார்ப்பர். ஒருவர் கண் கலங்கியிருக்கும். மீண்டும் நடித்த படத்தில் இவற்றுள் ஒன்றும் இராது. கைகள் வசதியான உயரத்தில் நிற்கும். இருவர் முகமும் கருவியை நோக்கும். அட்சதை அனைத்தும் தரையில் கிடக்கும். மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்திருப்பார். படம் அழகாகவே இருக்கும். ஆனால் முகூர்த்தம் என்பது ஒரு பொழுதின் பெயர். அப்பொழுது கடந்தபின் எடுத்த படம் எதற்குச் சான்று?

தாலி கட்டும் வேளையில் மணவறையைச் சுற்றி நிற்கும் படக்கலைஞர்களின் முதுகை மட்டுமே உறவினர் காண நேர்வதும் உண்டு. பெற்ற தாயின் சிற்றன்னை, வெகுதொலைவிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்தும், முகூர்த்தத்தைத் திரையில் காண வேண்டியவராகிறார். இளங்கோவடிகள் போற்றிய காண்போர் கண்களை மறைத்து எடுக்கும் படம், எத்துணைச் சிறந்ததாயினும், ஒரு சான்றைப் பெறுவதற்காக நூறு சான்றுகளை அழித்ததாகும்.

சொல்லைப் படமாக்கல்

இந்து மணத்தின் உச்சம் ஒரு செயல்; கண்ணால் காணத்தக்கது. கிறித்துவ மணத்திலும் இசுலாமிய மணத்திலும் உச்சமாக நிற்பது சொல். தேவாலயத்தில் மணமக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழி கூறுகின்றனர். நிக்காஹ் வேளையில் பெண்ணின் பொறுப்பாளர் வழங்க, மணமகன் ஏற்றுக்கொண்டேன் என்கிறான். ஒலியைப் படக்கருவி பதிக்காது. எனவே இவ்விடங்களில் கலைஞர் சொல்லின் சுவட்டைத் தேட வேண்டியவராகிறார்.

பள்ளிவாசலில் அச்சுவடு பெரும்பாலும் கைகளில் கிடைக்கிறது. பற்றிய கையின் இறுக்கம், விரல் நுனியின் வெளிறல், குனிந்து செவிமடுக்கும் சாட்சிகள் இருவரின் புருவம் ஆகியன சொல்லப்பட்டதன் எடையைக் காட்டுகின்றன. அணியும் மேடையும் இல்லாத அவ்வெளிய கூடத்தில் கலைஞர் மறைந்துகொள்ள ஒன்றும் இல்லை. அங்கு நல்ல படம் எடுப்பவர் எங்கும் எடுப்பர் எனலாம்.

தேவாலயங்கள் பலவற்றில் வழிபாட்டின்போது ஃப்ளாஷ் விளக்கும், பலிபீடத்தருகே நடமாட்டமும் தடுக்கப்பட்டுள்ளன. இந்துக் கோயில்களிலும் கருவறையைப் படமெடுத்தல் ஆகாது என்பது பரவலான விதி. இவ்விதிகளைத் தொழிலுக்கு இடையூறென்று கருதுவோர் உளர். உண்மையில் இவை கலைக்குத் துணையாகவே அமைகின்றன. விளக்கை வீச முடியாதவர் இருக்கும் ஒளியைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். நெருங்க முடியாதவர் தொலைவின் அழகை உணர்கிறார். யாப்பின் கட்டுப்பாடு வெண்பாவைக் கெடுப்பதில்லை என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இதற்கு நல்ல களம். 1856-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862-இல் அர்ப்பணிக்கப்பெற்ற இவ்வாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவர்களுக்கு மதராஸ் சுண்ணம் பூசப்பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்துப் பூசி, மெருகேறும்வரை தேய்த்த பூச்சு அது. அவ்வெண்சுவர் சன்னலொளியை ஏற்று முகங்கள்மீது மென்மையாகத் திருப்பித் தரும். அச்சுவரைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மணமக்களை எடுப்பவர், அது யார் கைபட்டு மெருகேறியது என்பதை அறிந்திருந்தால், அதனை வெறும் வெண்திரையாகக் கருதமாட்டார். இடத்தை அறிதலும் ஒளியை அறிதலும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன.

மாளிகை மணமக்களை விழுங்கும்போது

பெருநகரங்களின் பழைய மாளிகைகள் பல இன்று மணக்கூடங்களாகியுள்ளன. 1928-இல் திறக்கப்பெற்றுத் தலைமை அஞ்சலகம் இயங்கிய ஃபுல்லர்ட்டன் கட்டடம் 2001 முதல் விடுதியாக விளங்குகிறது. 1887-இல் தொடங்கிய ராஃபிள்ஸ் விடுதியின் வெண்ணிற முகப்பும் மணப்படங்களுக்குப் பெயர் பெற்றது. இவ்விடங்களில் கலைஞருக்கு நேரும் முதற்சோதனை, கட்டடத்தின் பெருமையே படத்தின் பெருமை என்று மயங்குவதாகும்.

அகன்ற கோணம் கொண்ட வில்லையைப் பொருத்தினால் கூடம் இருமடங்கு விரிந்ததாகத் தோன்றும். அதே வேளையில் ஓரத்தில் நிற்போர் உருக்குலைந்து பருத்துத் தோன்றுவர். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் விதானம் அடங்கும். தூண்களோ உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இடையில் மணமக்கள் கட்டைவிரல் அளவினராக நிற்பர். இவ்வகைப் படங்களில் முகத்தை மாற்றி வேறு இருவரை வைத்தாலும் எவரும் வேறுபாடு காணார். பேரளவு இடத்தைக் காட்டக்கூடாது என்பதன்று. அவ்விடத்தில் மனிதர் என்ன செய்கின்றனர் என்பதும் உடன் தெரிதல் வேண்டும். அகன்ற மாடிப்படியில் ஏறும் பாட்டியின் கையைப் பேரன் பற்றியிருந்தால், படிகளின் பெருமை பயனுடையதாகிறது. அங்கே கட்டடம் ஓர் அளவுகோலாக நின்று மனிதரைக் காட்டுகிறது.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று விக்டோரியா தெருவில் உள்ளது. அங்குள்ள கன்னிமாடத்தின் சிற்றாலயம் 1904-இல் அர்ப்பணிக்கப்பெற்றது. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்தவை. 1983-இல் அது வழிபாட்டுத் தலம் என்னும் நிலையிலிருந்து விடுவிக்கப்பெற்றது. 1996 முதல் அவ்வளாகம் சைம்ஸ் என்னும் பெயரில் உணவகங்களும் விழாக்கூடமும் கொண்டதாக விளங்கியது. 2018-இல் வெளிவந்த ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் திருமணக் காட்சியும் அக்கூடத்தில்தான் எடுக்கப்பட்டது. சன்னல் அப்படியே இருக்கிறது. வளைவுகள் அப்படியே இருக்கின்றன. பீடத்துக்குரிய வழிபாடு இல்லை. அங்கு எடுக்கும் மணப்படம் காண்போர்க்குத் தேவாலய மணமாகவே தோன்றும்.

இதனைப் பொய்யென்று தள்ளுதல் எளிது. ஆனால் அத்தீர்ப்பு முழு நீதியாகாது. சமயம் நீங்கிய இடத்திலும் நூற்றாண்டுக் கால மௌனம் ஒன்று தங்கியிருக்கலாம். மணமக்கள் அதனை நாடி வந்திருக்கலாம். அவ்வாறாயின் படம் அம்மௌனத்தைக் காட்டட்டும். வழிபடாத இடத்தில் வழிபடுவதுபோல் கைகுவிக்கச் செய்து எடுக்கும்போதுதான் சான்று பொய்ச்சான்றாகிறது. கட்டடத்தைக் கடன் வாங்கலாம். பக்தியைக் கடன் வாங்கலாகாது.

மாமையை மறந்த கருவி

மணமகளின் நிறம் பற்றியும் பேசியாக வேண்டும். சங்கப் புலவர் மகளிரின் மேனியழகை மாமை என்று போற்றினர். மாந்தளிர் போன்ற அந்நிறத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் வண்ணப்படச் சுருள் நீதி செய்யவில்லை. படம் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க வழங்கப்பெற்ற மாதிரிப்படம் நெடுங்காலம் வெண்தோல் பெண் ஒருத்தியின் படமாகவே இருந்தது. ‘ஷேர்லி அட்டை’ என்பது அதன் வழக்குப்பெயர். அந்த அளவுகோலுக்குப் பொருந்திய சுருளில் கரிய முகங்கள் தம் நுட்பம் இழந்து மங்கின. ஒளி அளக்கும் கருவியும் காட்சி முழுவதையும் சராசரியாக்கியே அளவு கூறும். வெண்பட்டு வேட்டியும் வெள்ளைச் சுவரும் நிறைந்த காட்சியில் அக்கருவியை அப்படியே நம்பினால் முகம் மேலும் இருளும். எனவே அந்நாளைய கலைஞர் சிலர் முகத்தில் மாவு மிகுதியாகப் பூசச் சொன்னதிலும் ஒரு காரணம் இருந்தது, மன்னிக்கவும் இடமிருந்தது.

இன்று அக்காரணம் இல்லை. இக்காலக் கருவிகள் எந்நிறத்தையும் உள்ளவாறு பதிக்க வல்லவை. முகத்துக்கு ஒளி அளந்து எடுத்தால் மாமையின் மெருகும், மஞ்சள் பூசிய கன்னத்தின் பொன்மையும், நெற்றி வியர்வையும் அழகுறப் பதியும். ஆயினும் எடுத்த படத்தைக் கணினியில் வெளுப்பாக்கித் தரும் பழக்கம் ஓயவில்லை. இக்குறை கலைஞருடையது மட்டும் அன்று. வெளுத்துக் கேட்கும் குடும்பங்களும் உள்ளன. மணநாளன்று மகளின் உண்மை நிறத்தைத் திருத்தி வாங்கும் பெற்றோர், அவள் முகத்துக்கே எதிராகச் சான்று கூறுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னாளில் அவள் பெற்ற மகள் அப்படத்தைக் கண்டு, ‘அம்மா, இது யார்?’ என்று கேட்கும் நிலை வரலாகாது.

ஓரத்தில் நிற்பவர்

மணப்படத்தின் பயன் மணநாளன்று முழுமையாகத் தெரிவதில்லை. விழா முடிந்த வாரத்தில் ஆல்பத்தைப் புரட்டுவோர் மணமக்களையே தேடுவர். பத்தாண்டுகள் கழித்துப் புரட்டும்போது கண்கள் ஓரங்களுக்குச் செல்கின்றன. அங்கே நிற்கும் தாத்தா இன்று இல்லை. பந்தியில் இலை போட்ட சித்தப்பா இல்லை. தோட்டப்புறத்திலிருந்து வந்து, கூச்சத்துடன் கடைசி வரிசையில் நின்ற பெரியம்மாவுக்கு அதுவன்றி வேறு படமே இல்லாதிருக்கலாம். பழைய குடும்பங்கள் சிலவற்றில், மணவிழாக் குழுப்படத்திலிருந்து பெரியவர் ஒருவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டமிட்டு மாலை அணிவித்திருப்பதைக் காணலாம். எவர் விழாவுக்காகவோ எடுத்த படம், ஓரத்தில் நின்றவருக்கு ஒரே நினைவாகிவிடுகிறது.

அம்முகம் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டுமாயின், அன்று படமெடுத்தவர் ஓரத்தையும் பொருட்படுத்தியிருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கி மணமக்களை மட்டும் துலக்கிக் காட்டும் இக்கால வழக்கம் கண்ணுக்கு இனியதே. எல்லாப் படங்களையும் அவ்வாறே எடுப்பவர், அன்று வந்திருந்த ஒரு தலைமுறையை முழுவதுமாக மங்கவைத்து விடுகிறார். பழைய நாளில், குழுப்படத்துக்காகப் பலகை போட்டு வரிசையாக நிறுத்தி, கடைசிப் பிள்ளையின் முகமும் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தவர்களைப் புதுமையறியாதவர் என்று எள்ளுவோர் இதனை நினைத்தல் நன்று. அவர்கள் வந்திருந்தோர் அனைவரையும் பதிவேட்டில் ஏற்றினர்.

ஆகவே, மணவிழா நிழற்படத்தை மதிப்பிடும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘இப்படம் அழகாக இருக்கிறதா?’ என்பதன்று. ‘இப்படம் யாரைக் கண்டது? எதைக் கண்டது? கண்டதை உள்ளவாறு கூறுகிறதா?’ என்பனவே அவ்வினாக்கள். இவற்றுக்கு ஏற்ற விடை தரும் படத்தில் அழகு தானே வந்து சேரும். 1858-ஆம் ஆண்டுத் தகட்டில் கலங்கிய தாய்முகம் போல, சில வேளைகளில் குறையே அழகாகவும் நிற்கும்.

கபிலரின் குருகு இன்னும் நீர்க்கரையில் நிற்கிறது. மணமேடையின் அருகே, கையில் விலையுயர்ந்த கருவியுடன், அடுத்த படத்தை மட்டுமே எதிர்நோக்கி நிற்பவரிடமும் அக்குருகைக் காணலாம். அவர் ஒருகணம் கருவியைத் தாழ்த்தி, அங்கே நடப்பதைத் தம் கண்ணால் காண்பாராயின், அடுத்து எடுக்கும் படம் வேறாக இருக்கும். அன்று கூந்தலில் ஒட்டியிருந்த ஈரநெல் அதில் தெரியும்.